அம்மாவுக்கு வாங்குன பெரிய எழுத்து பைபிள்: எப்படி இருக்கு, யாருக்கு ஆகும்

முதல்ல பொருள் என்னன்னு சொல்லிடறேன். தமிழ் பைபிள், நம்ம சபைகள்ல பரம்பரையா வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு, பெரிய எழுத்து, பக்கத்துக்கு ரெண்டு பத்தியா அச்சடிச்சது, கறுப்பு ரெக்ஸின் அட்டை, சுத்தி ஜிப், ஓரத்துல விரல் வச்சுத் திறக்க அரைவட்டமா வெட்டி இன்டெக்ஸ் போட்டது, இயேசு பேசினது மட்டும் சிவப்பு மையில. மதுரையில ஒரு கிறிஸ்தவ புத்தகக் கடையில வாங்குனோம். இதே வசனத்தை இதே மாதிரி பெரிய எழுத்துல பல பேர் போடறாங்க, அதனால எந்தப் பதிப்புங்கறதை விட வாங்கும்போது எதெதைப் பாக்கணும்ங்கறதுதான் உங்களுக்கு உபயோகமா இருக்கும், அதையும் இது எங்க வீட்டுக்குள்ள என்ன செஞ்சதுங்கறதையும் சேத்தே எழுதறேன், ரெண்டையும் என்னால பிரிக்க முடியல.

அப்பா ஆத்தங்குடி கல் பதிக்கிற மேஸ்திரி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கண்டனூர்னு அவர் கல் பதிச்ச வீடுங்க நிறைய. அந்தக் கல்லைப் பத்தித் தெரியாதவங்களுக்கு, அது சூளையில சுடற ஓடு கிடையாது, கண்ணாடிப் பலகை மேல அச்சை வச்சு கலர் சிமெண்டை ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுக்கறது, கண்ணாடியோட வழவழப்புதான் கல்லுக்கும் வரும். அப்பா பதிச்சு முடிச்சதும் உமியைப் போட்டுத் தேச்சு ஒரு ஓரத்துல உக்காந்து பாப்பாரு. அவருக்கு பக்கவாதம் வந்தது, ஆஸ்பத்திரி, அதுக்கப்பறம் வீட்டுப் படுக்கை, அப்பறம் எங்களை விட்டுப் போயிட்டாரு. அந்த வைத்தியத்துக்கு வாங்குன கடனும் அடகு வச்ச நகையும் அப்படியே நிக்குது. அம்மாவுக்கு சுகர், ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சது, இன்னொரு கண்ணு சுகர் இறங்குனாத்தான் செய்ய முடியும்னு டாக்டர் தள்ளி வச்சிருந்தாங்க. அந்த நேரத்துலதான் அம்மா பேச்சையே குறைச்சுட்டாங்க. சமைப்பாங்க, கொடுப்பாங்க, போய் சுவரைப் பாத்துப் படுத்துக்குவாங்க.

எங்க வீட்டுல பைபிள் இல்லாம இல்ல. அப்பாவோட சின்ன பைபிள் ஒன்னு இருக்கு, அவர் கல்யாணத்தப்ப சபையில கொடுத்தது, எழுத்து கடுகு சைஸ். அம்மா பூதக்கண்ணாடியை வச்சு படிச்சுப் பாத்தாங்க, நாலு வரிக்கு மேல முடியல, கண்ணுல தண்ணி வந்துரும், அது புரையினால வர்ற தண்ணியா அழுகையான்னு அவங்களுக்கே தெரியாது. நான் வாசிச்சுக் காட்டறேன்னு சொன்னா வேணாம்பாங்க. எனக்கு அப்ப புரியல, இப்ப புரியுது, துக்கத்துல இருக்கற ஒரு ஆளுக்கு தன்னோட வேகத்துல, தனக்கு வேணுங்கற இடத்துல நின்னு, அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாக்கணும். அடுத்தவங்க வாசிச்சா அவங்க வேகத்துக்கு நம்ம போகணும், அவங்க முன்னாடி மூஞ்சியை வேற சரியா வச்சுக்கணும்.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான், பெரிய எழுத்துங்கறது வயசானவங்களுக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம், அது கஷ்டத்துல இருக்கற எல்லாருக்குமான சைஸ். தூக்கம் வராத ராத்திரியில, அடுத்த ஆளு எழுந்துறக் கூடாதுன்னு சின்ன லைட்டைப் போட்டுக்கிட்டு, கண்ணு கலங்கி இருக்கும்போது படிக்கிறவங்களுக்கு எழுத்து பெருசா இருந்தாத்தான் வசனம் உள்ள போகும். எனக்கு கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா இப்ப நானும் அதைத்தான் எடுக்கறேன்.

சரி, பொருளுக்கு வர்றேன். எழுத்து நல்ல கறுப்பு, அச்சு சீரா இருக்கு, எங்கயும் மங்கல் இல்ல. பேப்பர் பைபிளுக்குன்னே வர்ற மெல்லிசு பேப்பர்தான், பின்பக்க எழுத்து லேசாத் தெரியும், ஆனா எழுத்து பெருசா இருக்கறதால தொந்தரவு பண்ணல. கடையிலயே ஒரு பக்கத்தைத் தனியாத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, பின்பக்கம் ரொம்ப அடிச்சுத் தெரிஞ்சா வேற எடுங்க. பொன் கலர் ஓரம் போட்டதுன்னா புதுசுல பக்கம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், அவசரப்பட்டு நடுவுல பிளந்து விரிச்சுறாதீங்க, முன்னாடி பத்துப் பக்கம், பின்னாடி பத்துப் பக்கம்னு ரெண்டு பக்கத்துல இருந்தும் மெதுவா விரிச்சு அழுத்திக்கிட்டே நடுவுக்கு வந்தா தையல் விடாது. எங்க அம்மாச்சி எந்தப் புது நோட்டையும் அப்படித்தான் திறப்பாங்க.

கனம் ரொம்ப இருக்கு, இதை மறைக்க மாட்டேன். மடியில வச்சா கொஞ்ச நேரத்துல தொடை மரத்துப் போகும், படுத்துக்கிட்டு நெஞ்சுல வச்சுப் படிக்கிறதெல்லாம் நடக்காது. கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு இது ஆகவே ஆகாது, அம்மா கோயிலுக்கு அப்பா பைபிளைத்தான் எடுத்துட்டுப் போறாங்க, அதைத் திறக்கறதில்ல, கையில வச்சுக்குவாங்க. வீட்டுல இதுக்கு ஒரு பலகை தேவைப்பட்டுச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குல்ல, அங்க ஒரு கணக்குப்பிள்ளை பெட்டி கிடைச்சது, தரையில உக்காந்து எழுதறதுக்குன்னு மூடி சாய்வா இருக்குமே அது, அந்தக் காலத்துல பர்மா, மலேயா கணக்கெல்லாம் எழுதுன மாதிரிப் பெட்டி. மூடியோட கீழ் விளிம்புல ஒரு சட்டம் இருக்கும், பேரேடு நழுவாம இருக்க. அதுல பைபிள் அப்படியே பொருந்தி உக்காந்துருச்சு. பெட்டிக்குள்ள அம்மாவோட கண்ணாடி, சொட்டு மருந்து, சுகர் மாத்திரை. யாராவது பெரிய எழுத்து பைபிள் வாங்குனா பலகையையும் சேத்து யோசிச்சுக்கங்க, இல்லன்னா அது அலமாரியிலயே இருந்துரும்.

முதல் வாரம் அம்மாவுக்கு இது பிடிக்கல. அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, நீங்களும் வாங்கிக் கொடுத்தா இது வரும். அப்பா பைபிள்ல எந்த வசனம் எந்தப் பக்கத்துல எந்த மூலையில இருக்குங்கறது அவங்களுக்கு மனப்பாடம், “இடது கைப் பக்கம், மேல, மடிப்புக்குப் பக்கத்துல” அப்படித்தான் தேடுவாங்க, அதிகாரம் நம்பர் எல்லாம் அப்பறம்தான். புதுசுல எல்லாம் இடம் மாறிப் போச்சு. தெரிஞ்ச ஊருல வழி தப்புன மாதிரி முழிச்சாங்க. நான் சங்கீதம் இருக்கற பகுதிக்கு நடுவுல ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை அடையாளமா வச்சுக் கொடுத்தேன், அங்க இருந்து அவங்களே ஒவ்வொன்னா பிடிச்சுக்கிட்டாங்க.

சங்கீதத்தைப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லியே ஆகணும். 150 சங்கீதம் இருக்கு, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல புலம்பல். துக்க வீட்டுக்கு வர்ற நம்ம ஆளுங்க 23ஐயும் 91ஐயும் தவிர வேற எதையும் எடுக்க மாட்டாங்க, அது ரெண்டும் நல்ல சங்கீதம்தான், ஆனா அம்மா போய் நின்ன இடம் 13. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” அப்படின்னு ஆரம்பிக்கும். மொத்தமே ஆறு வசனம். பெரிய எழுத்துல அது பாதிப் பத்தியை அடைச்சுக்கிட்டு நிக்கும், கண்ணைத் திருப்பவே முடியாது. அடுத்து 88, அது இன்னும் மோசம், கடைசி வரைக்கும் வெளிச்சமே வராது, அப்படியே முடிஞ்சுரும். இதையெல்லாம் வேதத்துல இருந்து யாரும் எடுத்துப் போடல பாருங்க. கடவுள்கிட்ட “எங்க போயிட்டீர்”னு கேக்கறதையும் ஜெபம்னுதான் வச்சிருக்காங்க. அம்மா ரொம்ப நாள் கழிச்சு என்கிட்ட வாயைத் திறந்து பேசுன முதல் பேச்சு, “ஏத்தா, இதெல்லாம் சொல்லலாமா சாமிகிட்ட?”ங்கறதுதான். “எழுதியே வச்சிருக்காங்களேம்மா”ன்னேன். அன்னைக்கு நல்லா அழுதாங்க, சத்தமா. அப்பா போனதுக்கப்பறம் அப்படி அழுதது அன்னைக்குத்தான்.

ஆறுதல் சொல்ல வந்தவங்கள்ல பல பேர் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது”ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ரோமர் 8:28, நான் நம்பற வசனம், ஆனா புதைச்சுட்டு வந்து நிக்கிறவங்ககிட்ட அதை முதல் வார்த்தையா சொல்லக் கூடாதுன்னு நான் உறுதியா நெனைக்கிறேன். அதே ரோமர் 12:15 “அழுகிறவர்களுடனே அழுங்கள்”னு சொல்லுது. யோபுவோட சிநேகிதங்க மூணு பேரும் அப்பறம் என்னென்னமோ பேசிக் கெடுத்தாங்க, ஆனா முதல் ஏழு நாளு ஒரு வார்த்தை பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்க, அது ஒன்னுதான் அவங்க செஞ்சதுலயே நல்ல காரியம். லாசரு கல்லறைக்கிட்ட இயேசு கண்ணீர் விட்டாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் விட்டாரு.

எங்க தெருவுல அப்படி வந்து உக்காந்தது பக்கத்து வீட்டு ஆச்சி. அவுங்க கொப்புடையம்மன் கோயிலுக்குத் தவறாமப் போறவங்க, நாங்க வேதக்காரங்க, அது ஒரு நாளும் குறுக்க வந்ததில்ல. சாயங்காலமானா முகப்புல வந்து உக்காருவாங்க, சும்மா உக்காருவாங்க, அம்மா பேசலைன்னா அவங்களும் பேச மாட்டாங்க, கவுனி அரிசியோ ரெண்டு வெள்ளைப் பணியாரமோ தூக்குல கொண்டாந்து வச்சுட்டு இருட்டுற வரைக்கும் இருப்பாங்க. ஒருநாள் அம்மா பெட்டி முன்னாடி உக்காந்து வாய்விட்டு வாசிச்சுக்கிட்டு இருக்காங்க, ஆச்சி கேட்டுக்கிட்டே இருந்துட்டு, “எழுத்து நல்லாப் பெருசா இருக்கே, எனக்கே தெரியுது, இதுல என்ன போட்டிருக்காக, அழுகறதையுமா எழுதி வச்சிருக்காக?”ன்னு கேட்டாங்க. அம்மா அவங்களுக்காக வாசிச்சது ஆபகூக்.

அந்தப் புஸ்தகத்தை நிறைய பேர் திறந்திருக்க மாட்டாங்க, மூணே அதிகாரம், 56 வசனம். கடைசியில வர்றது இது: “அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்.” எங்க அம்மா திருப்பத்தூர்ப் பக்கம் வானம் பாத்த பூமியில பொறந்தவங்க. கண்மாய் வத்திப் போனா வெதச்ச நெல்லு கருகுறதும், தீவனம் இல்லாம மாட்டை சந்தைக்கு ஓட்டுறதும், வெறுந்தொழுவத்துல தும்புக்கயிறு மட்டும் கிடக்கறதும் அவங்க கண்ணால பாத்தது. அத்தியும் ஒலிவமும் அவங்களுக்குத் தெரியாது, தொழுவத்துல மாடு இல்லாததுன்னா என்னன்னு நல்லாத் தெரியும். ஆச்சிக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதுக்கப்பறம் ரொம்ப நேரம் அந்தக் காலத்துப் பஞ்சத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க, நடுவுல சிரிப்புச் சத்தம் கூட வந்துச்சு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், என்னால நம்ப முடியல. எல்லாம் போச்சுன்னு ஒன்னொன்னா எண்ணிச் சொல்லிட்டு அப்பறம் மகிழ்ச்சியாயிருப்பேன்னு ஒருத்தர் சொல்றாரு பாருங்க, அந்த மகிழ்ச்சியை யாரும் பொய்னு சொல்ல முடியாது. எங்க வீட்டுக்குள்ள வந்ததும் அந்த ஜாதி சந்தோஷம்தான். கடன் அப்படியே இருக்கு, அப்பா திரும்பி வரல, ஆனா அம்மா காலையில முகம் கழுவி நெத்தி முடியை ஒதுக்கி விட்டுட்டு கீர்த்தனை பாடிக்கிட்டே காபி போடறாங்க.

இந்தப் புஸ்தகம் நம்ம கைக்கு வந்த கதையும் கஷ்டத்துலயே வந்ததுதான், சபைப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்குனாரு, டேனிஷ் கோட்டைத் தளபதியே அவரைப் பிடிச்சு நாலு மாசம் போல ஜெயில்ல போட்டாரு, வெளிய வந்து வேலையைத் தொடர்ந்து தமிழ் புதிய ஏற்பாட்டை 1715க்குள்ள அச்சுல கொண்டு வந்துட்டாரு. இந்திய மொழியில அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். 1719ல, 36 வயசுலயே போயிட்டாரு. அப்பறம் வந்த ஃபெப்ரீஷியஸ், சென்னையில இருந்து மொழிபெயர்ப்பை முழுசா திரும்பச் செஞ்சவரு, வயசான காலத்துல பணக் கொடுக்கல் வாங்கல்ல சிக்கி கடனுக்காக ஜெயில்ல இருந்தவரு. அவரோட பழைய ஏற்பாடு முழுசா அச்சானது 1796ல, அவர் 1791லயே காலமாயிட்டாரு. அவரோட மொழிபெயர்ப்பை ஆதாரமா வச்சுத்தான் ஹென்றி பவர் தலைமையில ஒரு குழு திருத்தி 1871ல இப்ப நம்ம வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு வந்தது. கடன்காரன் வாசல்ல வந்து நின்னுட்டுப் போன ஒரு நாள் ராத்திரி ஃபெப்ரீஷியஸோட இந்தக் கதையை நான் அம்மாகிட்ட சொன்னேன். “அவருக்குமா?”ன்னாங்க. அதுக்கப்பறம் கடனைப் பத்தி அக்கம்பக்கத்துல மறைச்சுப் பேசறதை விட்டுட்டாங்க, எங்க சபையில சொல்லி, அங்க விவரம் தெரிஞ்ச ஒரு அண்ணன் வந்து வட்டிக் கணக்கை உக்காந்து பாத்து, எதை முதல்ல அடைக்கணும்னு எழுதிக் கொடுத்தாரு. இதுவும் விசுவாசத்தோட பலன்தான்னு நான் சொல்வேன், நகை தானா திரும்பி வந்தாத்தான் அற்புதமா என்ன.

எனக்குன்னு கேட்டா பிலிப்பியர். நாலு அதிகாரம், 104 வசனம், ஒரே உக்காருல படிச்சுறலாம். பவுல் காவல்ல இருந்துக்கிட்டு எழுதுனது, அதுலதான் “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” வருது. அந்த பிலிப்பி ஊருலயே முன்னாடி அவரையும் சீலாவையும் அடிச்சு, காலைத் தொழுமரத்துல மாட்டி ஜெயில்ல போட்டப்ப நடுராத்திரியில பாடுனாங்கன்னு அப்போஸ்தலர் 16ல இருக்கு. அந்தக் கடிதத்தை முதல்ல வாசிச்ச சபைக்கு, சந்தோஷமா இருங்கன்னு சொல்ற ஆளு யாரு, என்ன பட்டவருன்னு நல்லாத் தெரியும். யோவான் 14:27ல “என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்”னு இயேசு சொல்றதும் அப்படித்தான், மறுநாள் சிலுவைன்னு தெரிஞ்ச ராத்திரியில சொன்னது. நான் சம்பளம் வராத மாசத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஒரு வசனத்தை விரலை வச்சு வச்சுப் படிச்சிருக்கேன், விரல் அகலத்துக்கு ஒரு வரி இருக்கும், எங்க விட்டோம்னு தேடவே வேணாம். படிச்சதும் பணம் வந்துறல. ஆனா நெஞ்சுல ஏறி உக்காந்திருந்தது இறங்கிருச்சு, காலையில எழுந்து அடுத்த வேலையைப் பாக்க முடிஞ்சது. எனக்கு அந்தச் சமாதானம் நிஜம்.

போன்ல ஆப் இருக்கே, எழுத்தை எவ்வளவு வேணா பெருசு பண்ணிக்கலாமே, ஃப்ரீயாச்சேன்னு கேப்பீங்க. நானும் வச்சிருக்கேன், வசனம் தேடறதுக்கு அதை அடிச்சுக்க ஒன்னும் கிடையாது, பஸ்ல போகும்போது நல்லது. ஆனா கஷ்ட காலத்துல போன் எப்படிப்பட்ட சாமான்னு யோசிங்க, அதுலதான் தவணை கட்டச் சொல்லி கால் வருது, அதுலதான் சொந்தக்காரங்க குரூப்புல சண்டை நடக்குது, சங்கீதம் 42 படிச்சுக்கிட்டு இருக்கும்போதே மேல இருந்து ஒன்னு எட்டிப் பாக்கும். இன்னொன்னு, எழுத்தை ரொம்பப் பெருசாக்குனா திரையில நாலு வரிதான் நிக்கும், முன்னாடி என்ன படிச்சோம்னு மறந்து போகும். ஆடியோ பைபிள் கண்ணு சுத்தமாத் தெரியாதவங்களுக்கு நிச்சயமா வேணும், அம்மாவும் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு கட்டு போட்டிருந்தப்ப அதைத்தான் கேட்டாங்க, ஆனா அது யாருக்காகவும் ஒரு இடத்துல நிக்காமப் போயிக்கிட்டே இருக்கும்.

குறைகளையும் சொல்லிடறேன். முதல் குறை சிவப்பு எழுத்து. பகல்ல அழகா இருக்கு, ராத்திரி சின்ன பல்பு வெளிச்சத்துல வெளிறிப் போகுது, புரை உள்ள கண்ணுக்கு அது மங்கலா ஓடுது, ஆக இயேசு பேசுனதைப் படிக்கிறதுக்குத்தான் அம்மா ரொம்பக் கஷ்டப்படறாங்க, இது எனக்கு நிஜமாவே வருத்தம். கண்ணு சரியில்லாதவங்களுக்கு வாங்கறதா இருந்தா முழுக்க கறுப்பு மையில இருக்கறதையே கேட்டு வாங்குங்க. ரெண்டாவது, பத்தி அகலம் கம்மி, எழுத்து பெருசு, தமிழ்ல வார்த்தையோ நீளம், அதனால “விளைவியாமற்போனாலும்” மாதிரி ஒன்னு வந்தா பாதி இந்த வரியில பாதி அடுத்த வரியில உடைஞ்சு நிக்கும், புதுசா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்க தடுமாறுவாங்க. பக்கம் முழுக்க ஒரே பத்தியா அடிச்சது கிடைச்சா அதுதான் நல்லது. மூணாவது ஜிப், மூடும்போது ஓரப் பக்கத்தைக் கடிச்சுருது, எங்களுக்கு வெளிப்படுத்தின விசேஷத்துல ஒரு மூலை கிழிஞ்சு போச்சு, அம்மா சோத்துப் பசையை வச்சு ஒட்டிட்டாங்க. ஜிப் இல்லாத கெட்டி அட்டை எடுத்து மேல ஒரு துணிப்பை தைச்சுக்கிட்டா போதும். நாடா அடையாளம் சீக்கிரம் நூல் பிரியுது, நுனியை நெருப்புல லேசாக் காட்டினா நிக்கும். கோடு போட மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம், பின்பக்கம் ஊறிரும், கலர் பென்சில் போதும். பூச்சி அரிக்காம இருக்க காஞ்ச வேப்பிலையை பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கோம்.

விலை சாதாரண பைபிளை விட கூடத்தான், ஆனா சபையில சொன்னா சில சமயம் சேத்து வாங்கித் தருவாங்க, போதகர் ஐயாகிட்ட கேட்டுப் பாருங்க. கத்தோலிக்க வீடுன்னா கேக்கும்போதே சொல்லிருங்க, உங்களோடது 73 ஆகமம், இதுல 66தான் இருக்கும், உங்களுக்கு 1995ல வந்த திருவிவிலியத்துலயே பெரிய எழுத்து இருக்கான்னு கேளுங்க. மொத்தமா எழுத்துக்கும் அச்சுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, ஜிப்புக்கும் சிவப்பு மைக்கும் சேத்து ஒன்னு குறைச்சா நாலு.

இன்னொன்னு, இது முக்கியம். அம்மாவை நாங்க டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனோம், தூக்கத்துக்கும் மனசுக்கும் மாத்திரை கொடுத்தாங்க, அதையும் ஒழுங்காப் போட்டாங்க. பைபிள் படிக்கிறவங்களுக்கு மாத்திரை எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. பெட்டிக்குள்ள ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கு, ரெண்டையும் கொடுத்தது ஒரே தேவன்தான்னு அம்மாவே பதில் சொல்லிட்டாங்க.

யாருக்கு வாங்கிக் கொடுக்கலாம்னா, துக்க வீட்டுக்கு, படுக்கையில இருக்கறவங்களைப் பாத்துக்கற வீட்டுக்கு, வேலை போய் வீட்டுல உக்காந்திருக்கறவங்களுக்கு. கொடுக்கும்போது ஆதியாகமத்துல இருந்து ஆரம்பின்னு சொல்லிறாதீங்க, லேவியராகமத்துல நின்னு போயிருவாங்க. சங்கீதம் 13, 42, 88, அப்பறம் ஆபகூக், அப்பறம் பிலிப்பியர், யோவான் 14ல இருந்து 16 வரைக்கும், இந்த இடத்துலயெல்லாம் ஒரு துண்டுப் பேப்பரை வச்சுக் கொடுத்துட்டு, கூடவே ஒரு நல்ல மேசை லைட்டையும் வாங்கிக் கொடுங்க. கடையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் வரிசையா இருக்கான்னு ஒரு தடவை தள்ளிப் பாத்துருங்க, மெல்லிசு பேப்பர்ல ரெண்டு தாள் சேந்து வெட்டாம வர்றது உண்டு, பில்லு இருந்தா மாத்திக் கொடுத்துருவாங்க.